தடுப்பூசிக்குத் தயங்கும் குடும்பங்களிடம் எப்படிப் பேசுவது? அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

கேள்வி | வெண்பா

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்புப் பகுதியில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் எவருக்கும் தடுப்பூசி விடுபட்டுவிடக் கூடாது என்பதற்காக, நாங்கள் சிலர் சேர்ந்து அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்குத் துணையாகத் தன்னார்வப் பணி செய்து வருகிறோம். துண்டறிக்கை கொடுத்தோம், விழிப்புணர்வுக் கூட்டமும் நடத்தினோம். ஆனால் கூட்டத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே தம் பிள்ளைகளுக்குத் தவணை தவறாமல் ஊசி போட்டு வருபவர்கள். யாரை மனத்தில் வைத்து அந்தக் கூட்டத்தை நடத்தினோமோ அவர்கள் வரவே இல்லை.

வீடு தேடிச் சென்று கேட்டால் வீட்டுக்கொரு காரணம் சொல்கிறார்கள். முதல் ஊசிக்குப் பிறகு குழந்தை இரண்டு இரவு காய்ச்சலில் அழுதது, இனி வேண்டாம் என்று மாமியார் சொல்லிவிட்டார் என்கிறார் ஒரு தாய். போகும் நாளில் எல்லாம் குழந்தைக்குச் சளி பிடித்துவிடுகிறது என்கிறார் இன்னொருவர். ஆறு மாதம் இடைவெளி விட்டுவிட்டோம், இனி முதலிலிருந்து போட வேண்டியிருக்கும், செவிலியர் திட்டுவார் என்று அஞ்சுபவர்களும் உண்டு. இந்த நோய்களையெல்லாம் இப்போது எங்கே பார்க்கிறோம், இல்லாத நோய்க்கு எதற்கு ஊசி என்று படித்தவர்களே கேட்கிறார்கள். ஒருவர் கைப்பேசியில் வந்த காணொளியைக் காட்டி, தட்டம்மை ஊசியால் ஆட்டிசம் வரும் என்று வாதிட்டார்.

இவர்களுக்கு எப்படிப் பதில் சொல்வது, முதலில் யாரைச் சந்திப்பது, எங்கே எங்கள் அணுகுமுறையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதைக் களத்தில் இருப்பவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 | தாய்சேய் நலச் செவிலி

வணக்கம் சகோதரி. நீங்கள் எழுதியிருப்பதிலேயே விடையின் பாதி இருக்கிறது. வீட்டுக்கொரு காரணம் என்றீர்கள் அல்லவா, அந்தக் காரணங்களை ஒன்றாகக் கட்டி 'தடுப்பூசிக்கு எதிர்ப்பு' என்று பெயரிட்டுவிடாதீர்கள். நீங்கள் பட்டியலிட்டவர்களுள் உண்மையிலேயே தடுப்பூசியை மறுப்பவர் அந்தக் காணொளி காட்டியவர் ஒருவர்தான். அவரும் முழுமையாக மறுக்கிறாரா, ஒரு குறிப்பிட்ட ஊசியைப் பற்றி அஞ்சுகிறாரா என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மற்றவர்கள் பாதி வழி வந்து நின்றுபோனவர்கள். அவர்களை மீண்டும் அழைத்து வருவது எளிது. ஆகவே முதலில் அவர்களைச் சந்தியுங்கள்.

அதற்கு முன், தடுப்பூசி அட்டையை வாங்கிப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். பிறந்தவுடன் போட்ட கட்டங்களில் தேதி இருக்கும், ஆறாவது வாரத்துக்கான கட்டத்திலும் இருக்கும், அடுத்த இரண்டு வரிசையும் வெறுமையாக இருக்கும் என்றால், அந்தக் குடும்பத்துக்குத் தடுப்பூசியில் நம்பிக்கை இருந்திருக்கிறது, ஆறாவது வாரத்துக்குப் பிறகு ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள். ஏன் போடவில்லை என்று கேட்டால் அது குற்றச்சாட்டாகக் காதில் விழும். போன முறை ஊசி போட்ட பிறகு குழந்தை எப்படி இருந்தது என்று கேட்டால் தாய் தானாகவே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்.

பெரும்பாலும் அவர் சொல்லப்போவது காய்ச்சலைப் பற்றித்தான். இதில் தவறு ஊசி போடும் எங்கள் பக்கம் இருக்கிறது என்பதை நான் ஒளிக்காமல் சொல்ல விரும்புகிறேன். வரிசை நீண்டிருக்கும் நாளில், ஊசி போட்ட பின் என்னென்ன நேரும் என்பதைப் பல இடங்களில் தாய்க்குச் சொல்லாமலே அனுப்பிவிடுகிறார்கள். முன்பே சொல்லப்பட்ட காய்ச்சல் எதிர்பார்த்த ஒன்றாகவும், சொல்லப்படாத காய்ச்சல் ஆபத்தாகவும் தாய்க்குத் தோன்றுவது இயல்பு. ஆகவே, நீங்கள் அழைத்துச் செல்லும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இவற்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ் ஆகியவற்றுக்கான கூட்டு ஊசி போட்ட அன்றோ மறுநாளோ காய்ச்சல் வரலாம். தொடையில் ஊசி போட்ட இடம் சிவந்து, தொட்டால் வலிக்கும்படி வீங்கலாம். இரண்டு மூன்று நாளில் தணிந்துவிடும். தட்டம்மை ஊசியின் காய்ச்சல் அப்படி உடனே வராது. ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து, சில குழந்தைகளுக்கு இலேசான தடிப்புடன் வரும். அப்போது அதற்கும் ஊசிக்கும் தொடர்பு உண்டு என்றே பலருக்குத் தோன்றாது, அல்லது தட்டம்மையே வந்துவிட்டது என்று கலங்குவார்கள். காசநோய்க்கு எதிராகப் பிறந்தவுடன் போடும் பிசிஜி ஊசிதான் மிகவும் குழப்பும். போட்ட அன்று எதுவும் தெரியாது. சில வாரங்கள் கழித்து இடது மேற்கையில் ஒரு சிறு கட்டி எழும்பும், சீழ் கோத்து உடையும், ஆறித் தழும்பாகும். இது மருந்து வேலை செய்வதன் அடையாளம். களிம்பு தடவவோ, பிதுக்கவோ, கட்டுப்போடவோ கூடாது. இதை அறியாத தாய் அந்தக் கட்டியைப் பார்த்து, ஊசி சீழ் பிடித்துவிட்டது என்று நம்பி, அடுத்த தவணைக்கே வராமல் இருந்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எப்போது உடனே திரும்பி வர வேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். மூச்சுத் திணறல், முகவீக்கம், உடல் முழுவதும் திடீர்த் தடிப்பு, வலிப்பு, குழந்தை துவண்டு போதல், மூன்று மணி நேரத்துக்கு மேல் நிறுத்த முடியாத அழுகை, மூன்று நாளாகியும் தணியாத காய்ச்சல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் காத்திருக்க வேண்டாம். கடுமையான ஒவ்வாமை மிக அரிது. வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களுக்குள் வரும். போட்டு முடித்ததும் சிறிது நேரம் அங்கேயே உட்காரச் சொல்வது அதற்காகத்தான். இதை விளக்காமல் 'அரை மணி நேரம் உட்காருங்கள்' என்று கட்டளையிட்டால் அதுவும் ஒரு சலிப்பாகவே மிஞ்சும்.

இன்னொன்று, ஊசியின் வலி. குழந்தையைப் படுக்க வைத்து அமுக்கிப் பிடிப்பதைவிடத் தாயின் மடியில் அணைத்து உட்கார வைத்து, தாய்ப்பால் குடிக்கும் குழந்தையாக இருந்தால் பால் கொடுத்துக்கொண்டே போடும்போது அழுகை வெகுவாகக் குறைகிறது. ஒரே நாளில் வாய்வழி மருந்தும் ஊசியும் இருந்தால் சொட்டு மருந்தை முதலில் கொடுப்பதும், ஊசிகளில் அதிகம் வலிப்பதைக் கடைசியில் போடுவதும் நல்லது. பிள்ளை துடித்ததைப் பார்த்துவிட்டு வீட்டில் போய்ச் சொல்லும் தந்தையின் சொல்லுக்கு எங்கள் துண்டறிக்கை எதுவும் ஈடாகாது.

நீங்கள் கேட்ட மாமியாரைப் பற்றி: அவரைத் தடையாகப் பார்க்காமல் நேரில் அழைத்துப் பேசுங்கள். இரண்டு இரவு குழந்தையோடு விழித்திருந்தவர் அவராகவும் இருக்கலாம். அடுத்த தவணைக்கு அவரையும் உடன் வரச் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தால் கொடுக்க வேண்டிய பாரசிட்டமாலின் அளவைக் குழந்தையின் எடையைப் பார்த்துச் செவிலியர் அவரிடமே விளக்கட்டும். மறுநாள் காலையில் நீங்கள் தொலைபேசியில் அழைத்து, குழந்தை எப்படி இருக்கிறது என்று விசாரியுங்கள். என் அனுபவத்தில் இந்த ஒரு அழைப்பு செய்வதை வேறெதுவும் செய்வதில்லை.

மறுமொழி 2 | குழந்தைகள் நல மருத்துவர்

செவிலியர் கூறியதை அப்படியே வழிமொழிகிறேன். மருத்துவம் சார்ந்த கேள்விகளுக்கு மட்டும் என் பங்கைச் சேர்க்கிறேன்.

இடைவெளி விழுந்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. வழக்கமான குழந்தைத் தடுப்பூசிகளில், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். முன்பு போட்ட தவணை வீணாவதில்லை. தவணைகளுக்கு இடையே குறைந்தபட்ச இடைவெளி உண்டே தவிர (கூட்டு ஊசிக்கு நான்கு வாரம்), அது நீண்டுவிட்டால் பலன் அழிந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. கடும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா வைரஸ் மருந்து போன்ற சிலவற்றுக்கு வயது வரம்பு இருப்பதால், எது இன்னும் போடலாம் என்பதை அந்தந்த நாட்டின் அட்டவணையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். தாமதமாக வந்த தாயிடம் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், 'வந்தது நல்லதாயிற்று, இன்றைக்கே போட்டுவிடலாம்' என்பதுதான்.

சளி, இலேசான காய்ச்சல், சாதாரண வயிற்றுப்போக்கு ஆகியவை தடுப்பூசிக்குத் தடையல்ல. ஆண்டிபயாட்டிக் எடுத்துக்கொண்டிருப்பதும் பொதுவாகத் தடையல்ல. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் பிறந்த தேதியைக் கணக்கிட்டே பெரும்பாலான ஊசிகளைப் போட வேண்டும். உடல் தேறட்டும் என்று காத்திருப்பது, நோய் தாக்கினால் தாங்க முடியாத குழந்தையைத்தான் அதிக காலம் பாதுகாப்பின்றி விடுகிறது. முந்தைய தவணையில் கடுமையான ஒவ்வாமை, நோய் எதிர்ப்பு சக்தி மிகக் குன்றிய நிலையில் வலுவிழக்கச் செய்த உயிருள்ள கிருமி அடங்கிய ஊசிகள், மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவு நோய் ஆகியவையே நிறுத்தி யோசிக்க வேண்டிய காரணங்கள். அந்தக் குழந்தைகளை மருத்துவரிடம் அனுப்புங்கள். மற்றவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

நோயை எங்கே பார்க்கிறோம் என்ற கேள்வி நேர்மையான கேள்வி. அதைக் கேட்பவரைக் கேலி செய்யக் கூடாது. பெரியம்மை ஒன்றுதான் மனிதரிடையே உலகிலிருந்து முற்றாக ஒழிக்கப்பட்ட நோய். இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி 1977இல் சோமாலியாவில் கண்டறியப்பட்டார், 1980இல் ஒழிப்பு அறிவிக்கப்பட்டது, அதன் பிறகு எந்தக் குழந்தைக்கும் வழக்கமாக அந்த ஊசி போடப்படுவதில்லை. நோய் உண்மையிலேயே இல்லையென்றால் ஊசியும் தேவையில்லை என்பதற்கு அதுவே சான்று. தட்டம்மை அப்படியல்ல. நோயாளி ஓர் அறையை விட்டுச் சென்ற பிறகும் இரண்டு மணி நேரம் வரை அதன் கிருமி காற்றில் தங்கியிருக்கும். பாதுகாப்பு இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவக்கூடியது. அதனால்தான் நூற்றுக்கு 95 பேருக்கு இரு தவணையும் போட்டிருந்தால் மட்டுமே அது பரவாமல் நிற்கிறது. மேலும், தட்டம்மை வந்து போன குழந்தையின் உடல், மற்றக் கிருமிகளுக்கு எதிராக முன்பு சேர்த்து வைத்திருந்த எதிர்ப்பு நினைவையும் பெருமளவு இழக்கிறது. வேறு தொற்றுகளில் அந்தக் குழந்தை அடுத்த சில ஆண்டுகள் வரை துன்புறுவதற்கு இது ஒரு காரணம். டெட்டனஸ் இன்னும் வேறு வகை. அதன் கிருமி மண்ணில் வாழ்கிறது, மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதில்லை. ஆகவே ஊரில் எல்லோரும் போட்டுக்கொண்டாலும் போடாத குழந்தைக்குப் பாதுகாப்பு கிடைக்காது.

ஆட்டிசம் பற்றிய அச்சம் 1998இல் லேன்செட் என்ற மருத்துவ இதழில் வெளிவந்த ஒரு கட்டுரையிலிருந்து பரவியது. அது 12 குழந்தைகளை மட்டும் பற்றியது. அதை எழுதிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு நேர்மையற்ற முறையில் நடந்துகொண்டது விசாரணையில் தெரியவந்து, 2010இல் இதழ் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது; அதே ஆண்டில் பிரிட்டனில் அவர் மருத்துவராகப் பணிபுரியும் உரிமையையும் இழந்தார். 2019இல் டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்து வெளியிடப்பட்ட ஆய்வில், ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் இந்தத் தகவலை, காணொளி காட்டியவர் முகத்தில் எறிவதுபோலச் சொல்லாதீர்கள். ஆட்டிசத்தின் அறிகுறிகளைப் பெற்றோர் கவனிக்கத் தொடங்கும் வயதும் தட்டம்மை ஊசி போடும் வயதும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால், ஒன்றைத் தொடர்ந்து மற்றொன்று வந்ததாகத் தோன்றுவது மனித இயல்பு. அதை முதலில் ஒப்புக்கொண்டு பேசினால் அவர் காது கொடுப்பார்.

மறுமொழி 3 | இரு குழந்தைகளின் தந்தை

தயங்கிய குடும்பத்தின் பக்கத்திலிருந்து ஒரு சொல். என் மூத்த மகளுக்கு ஊசி போட்ட தொடையில் கெட்டியான வீக்கம் வந்தபோது, போட்ட இடத்துக்கே எடுத்துச் சென்றோம். அங்கிருந்தவர் குழந்தையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், 'அதெல்லாம் சரியாகிவிடும், ஏன் இப்படிப் பயப்படுகிறீர்கள்' என்று அனுப்பிவிட்டார். அவர் சொன்னது சரிதான், வீக்கம் தானாகவே கரைந்தது. ஆனால் அடுத்த தவணைக்கு என் மனைவி போக மறுத்ததற்கு அந்த வீக்கத்தைவிட அந்தப் பேச்சுதான் காரணம்.

எங்களை மாற்றியது எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அக்கா. தம் பேரனுக்கும் அதே போன்ற கட்டி வந்ததாகவும், எத்தனை நாளில் கரைந்தது என்பதையும் என் மனைவியிடம் சொல்லி, அடுத்த முறை தாமே கூட வந்தார். எனவே சகோதரி, உங்கள் குழுவில் அறிவுரை சொல்பவர்களைவிட, சொந்தப் பிள்ளைக்குப் போட்டு, காய்ச்சலையும் பார்த்து, அடுத்த தவணைக்கும் சென்று வந்த தாய்மார்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு வேண்டுகோள், பக்க விளைவே கிடையாது என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். ஒருமுறை அது பொய்யாகிவிட்டால், அதற்குப் பின் நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது.

மறுமொழி 4 | பொதுச் சுகாதாரக் களப்பணியாளர்

தந்தை எழுதியிருப்பது ஒரு வீட்டில் நடந்தது. அதே நிகழ்வு ஒரு நாட்டுக்கே நேர்ந்தால் என்னவாகும் என்பதற்கு இரண்டு சான்றுகள் இருக்கின்றன. 1970களின் நடுவில் ஜப்பானில் கக்குவான் இருமலுக்கான மருந்தும் அடங்கிய கூட்டு ஊசிக்குப் பிறகு இரண்டு குழந்தைகள் இறந்ததைத் தொடர்ந்து ஊசி சிறிது காலம் நிறுத்தப்பட்டது. மக்களிடம் அச்சம் பரவி, கக்குவான் ஊசி போட்டுக்கொள்வோர் விகிதம் ஏறத்தாழ 80 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடு அளவுக்குச் சரிந்தது. 1979இல் 13,000 பேருக்கு மேல் கக்குவான் இருமல் கண்டது, 41 பேர் இறந்தனர். பசிபிக் தீவு நாடான சமோவாவில் 2018இல் இரண்டு குழந்தைகள் தட்டம்மைக் கூட்டு ஊசி போட்டவுடன் இறந்தன. காரணம் தடுப்பூசி மருந்தன்று. அதைக் கரைக்க வேண்டிய நீருக்குப் பதிலாக வேறொரு மருந்தைத் தவறுதலாகக் கலந்துவிட்டார்கள். ஆனால் அந்த உண்மை மக்களைச் சென்று சேர்வதற்குள் நம்பிக்கை போய்விட்டது. 2019இல் அங்கே பரவிய தட்டம்மையில் 83 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதை எட்டாத குழந்தைகள்.

ஆகவே, உங்கள் பகுதியில் ஊசிக்குப் பிறகு ஏதேனும் ஒரு குழந்தைக்கு உடல்நலம் கெட்டதாகத் தகவல் வந்தால், அதை மறுக்காமலும் மறைக்காமலும் அன்றே அந்த வீட்டுக்குச் செல்லுங்கள். குழந்தையை மருத்துவரிடம் சேர்ப்பது முதல் வேலை; சுகாதார நிலையத்துக்குத் தெரிவித்து முறையாகப் பதிவு செய்ய வைப்பது அடுத்த வேலை. காரணம் தெரிவதற்கு முன் 'ஊசியால் இல்லை' என்று நீங்கள் அறிவித்துவிடாதீர்கள்.

அடுத்து, மனத்தை மாற்றுவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். வழியைச் சீராக்குவது அதைவிட அதிகம் பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து. இராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டக் கிராமங்களில் பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான ஏற்பாடு மட்டும் இருந்த ஊர்களில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 6 விழுக்காடு. குறித்த நாளில் தவறாமல் முகாம் நடந்த ஊர்களில் 18. முகாமோடு ஒவ்வொரு தவணைக்கும் ஒரு சிறு அன்பளிப்பையும் சேர்த்தபோது 39. அங்கே யாருடைய கொள்கையையும் மாற்ற வாதிடவில்லை. போனால் ஊசி போடுபவர் கட்டாயம் இருப்பார் என்ற உறுதியும், இன்றைக்கே போய்விடலாம் என்ற சிறு உந்துதலும்தான் வேலை செய்தன.

உங்கள் சுகாதார நிலையத்தில் ஊசி போடும் நேரம் என்ன, வேலைக்குச் செல்லும் தாய் அந்த நேரத்துக்கு வர முடியுமா, பல பேருக்கான குப்பியைத் திறக்கக் கூட்டம் சேரவில்லை என்று யாரையாவது திருப்பி அனுப்புகிறார்களா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது பல இடங்களில் நடக்கிறது. தட்டம்மை போன்ற சில மருந்துகளின் குப்பியைக் கரைத்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும் என்பதால் வீணாகுமே என்று பணியாளர்கள் தயங்குகிறார்கள். ஒரு குழந்தைக்காகக் குப்பியைத் திறப்பது வீணல்ல என்பதே சரியான நிலைப்பாடு. ஆனாலும், ஒரே நாளில் வர வேண்டிய குழந்தைகளின் பெயர்ப் பட்டியலை உங்கள் குழு முன்பே கொடுத்து, முந்தின நாள் மாலையில் அந்தக் குடும்பங்களுக்கு நினைவூட்டினால் இந்தச் சிக்கலே எழாது.

மறுமொழி 5 | வெண்பா

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்த கூட்டத்தை நிறுத்திவிட்டு, அட்டையில் இடையில் நின்றுபோன குழந்தைகளின் பட்டியலை முதலில் தயாரிக்க முடிவு செய்திருக்கிறோம். மறுநாள் தொலைபேசியில் விசாரிக்கும் பொறுப்பைத் தாய்மார்கள் இருவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. அட்டையே தொலைந்துபோன குழந்தைகளுக்கு, குறிப்பாக வேறு ஊரிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்களுக்கு, என்ன செய்வது? போட்டதையே மீண்டும் போட்டால் கெடுதல் வருமா என்று கேட்கிறார்கள்.

மறுமொழி 6 | குழந்தைகள் நல மருத்துவர்

முதலில் ஊசி போட்ட இடத்தின் பதிவேட்டில் தேடச் சொல்லுங்கள். பிறந்த மருத்துவமனையின் பெயரும் பிறந்த தேதியும் தெரிந்தால் பல நேரங்களில் பதிவு கிடைத்துவிடும். மேற்கையில் தழும்பு இருந்தால் பிசிஜி போடப்பட்டது என்று கொள்ளலாம். தழும்பு இல்லாததை வைத்து மட்டும் போடவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. எழுத்துச் சான்று எதுவும் கிடைக்காவிட்டால், பெரும்பாலான தடுப்பூசிகளைப் பொறுத்தவரை குழந்தைக்குப் போடவில்லை என்றே கருதி, வயதுக்கேற்ற அட்டவணையைத் தொடங்குவதுதான் நடைமுறை. தட்டம்மை ஊசியையோ போலியோ மருந்தையோ ஒருமுறை கூடுதலாகப் பெற்றதால் குழந்தைக்குத் தீங்கு வருவதில்லை. டெட்டனஸ் அடங்கிய ஊசி மட்டும் தேவைக்கு மேல் பலமுறை போடப்பட்டால் போட்ட இடத்தில் வீக்கமும் வலியும் சற்று மிகுதியாக இருக்கலாம். ஆகவே தாயின் நினைவில் உள்ளதையும் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். புதிய அட்டை எழுதியதும் அதை அந்த இடத்திலேயே கைப்பேசியில் படம் எடுத்து, தாயின் கைப்பேசியிலும் தந்தையின் கைப்பேசியிலும் சேமித்துக் கொடுத்துவிடுங்கள்.